சாவி ஏன் வரவில்லை?

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)



மலருக்குப் படைப்பு கேட்டு நம் யூனியன் செயலாளர் வகுப்புக்கு வந்தபோது, கை தூக்கியவர்கள் எல்லோரும் கவிதை தருவதாகத்தான் சொன்னார்கள். "டெக்னிக்கலா ஏதாவது ஒண்ணு குடுங்கப்பா, எல்லாமே அம்மாவும் நிலாவுமா இருக்கு" என்று அவர் கெஞ்சாத குறை. நான் எழுதுகிறேன் என்றேன். எனக்குக் கவிதை வராது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், போன வருடம் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் என் அப்பா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த மூன்று மணி நேரம்.

அப்பா ஆக்டிங் டிரைவர். சங்ககிரியில் லாரிக்குக் கிளீனராகப் போய், சக்கரத்துக்குக் கட்டை போடுவதில் தொடங்கி, டிரைவராகி, இருபது வருடத்துக்கு மேல் வடக்கே தெற்கே என்று ஓட்டியவர். முதுகுவலி வந்த பிறகு லாரியை விட்டுவிட்டு, சேலத்தில் கூப்பிடுகிறவர்களுக்குக் கார் ஓட்டுகிறார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல்.

அன்று ஒரு பெரிய வீட்டுக் குடும்பத்தைக் கல்யாணத்துக்கு அழைத்துப் போயிருந்தார். வண்டி ஆட்டோமேட்டிக். அந்த மாதிரி வண்டி அவருக்கு அதுதான் முதல் தடவை. "கிளட்ச் கிடையாது, டி-யில போட்டா போகும், ஆர்-ல போட்டா பின்னாடி வரும்" என்று ஓனர் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். ஓட்டுவதில் ஒரு சிரமமும் இல்லை. நிறுத்தும்போதுதான் வினை. மண்டபத்தில் இடம் இல்லாமல் வண்டிக்குக் குறுக்கே வண்டியாக நிறுத்திக்கொண்டிருந்தார்கள். வாட்ச்மேன் வழக்கம்போல, "அண்ணே, நியூட்ரல்ல விட்டுட்டு ஹேண்ட் பிரேக்கை எடுத்துருங்க, தேவைப்பட்டா தள்ளிக்கிறோம்" என்றார். நம் ஊர் மண்டபங்களில் எப்போதும் நடப்பதுதான். அப்பாவும் லீவரை என்-னில் வைத்து, எஞ்சினை அணைத்து, சாவியை உருவினார். வரவில்லை.

சாவி ஒரு கட்டம் வரை திரும்பியது. அதற்கு மேல் கடைசிக் கட்டத்துக்குப் போக மாட்டேன் என்றது. ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். பிடித்து அமுக்கிப் பார்த்தார். பயந்துபோய் விட்டுவிட்டார். சாவி உள்ளேயே இருக்கும்போது வண்டியை விட்டுப் போக முடியுமா? பின் சீட்டில் அவர்கள் சாமான் வேறு இருந்தது. பந்தி முடிந்து, ஓனர் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஓனர் வந்து நாலு பேர் முன்னால் "என்னய்யா, சாவியை உடைச்சிட்டியா?" என்றாராம். அப்புறம் யாரோ ஒரு மெக்கானிக் வந்து, லீவரை முன்னால் ஒரு தள்ளு தள்ளி, சாவியைத் திருப்பி எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறார். அரை நிமிட வேலை. அவருக்குக் கொடுத்த 500 ரூபாயை அப்பாவின் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

அன்று ராத்திரி அப்பா என்னிடம் கேட்டார். "ஏன் கண்ணு, நீ இதைத்தானே படிக்கிற? சாவி ஏன் வரலை?"

எனக்குத் தெரியவில்லை. டார்க் கன்வெர்ட்டர் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். அந்தப் பேப்பரில் 78 மார்க். ஆனால் பதில் தெரியவில்லை. "பார்த்துச் சொல்றேன்ப்பா" என்றேன். அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரை. நம் ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர் சார் ஒரு பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பிரித்துக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பாதிக்கு மேல் நான் புரிந்துகொண்டது அதில்தான்.

கியர்பாக்ஸுக்குள் ஒரு கட்டை

முதலில் ஒரு விஷயம். சாதாரண வண்டியை மேட்டில் நிறுத்தினால் என்ன செய்வோம்? எஞ்சினை அணைத்துவிட்டு ஃபர்ஸ்ட் கியரில் விடுவோம். சக்கரம் உருள வேண்டுமென்றால் எஞ்சினையும் சேர்த்துச் சுற்ற வேண்டும். சிலிண்டருக்குள் இருக்கும் காற்றை அழுத்த வேண்டும். அந்தத் தடையே வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஆட்டோமேட்டிக்கில் இந்த வித்தை செல்லாது. அங்கே கிளட்ச் தட்டுக்குப் பதில் டார்க் கன்வெர்ட்டர். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து, ஒன்றை ஓடவிட்டால் மற்றது காற்றிலேயே சுற்றும் அல்லவா? அதே மாதிரி, காற்றுக்குப் பதில் ஆயில். எஞ்சின் ஓடும்போது ஆயில் தள்ளுகிறது, வண்டி நகர்கிறது. எஞ்சின் நின்றுவிட்டால் ஆயில் அழுத்தமும் இல்லை, உள்ளே இருக்கும் கிளட்ச்சுகளுக்குப் பிடிப்பும் இல்லை. லீவரை டி-யிலேயே விட்டாலும் வண்டி உருண்டு போகும். ஆகவே வண்டியை நிறுத்தி வைக்கத் தனியாக ஒரு ஏற்பாடு தேவைப்பட்டது. அதுதான் பி.

பி-யில் என்ன நடக்கிறது? கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் அவுட்புட் ஷாஃப்டில் பெரிய பற்கள் கொண்ட ஒரு சக்கரம் இருக்கிறது. அதன் பக்கத்தில் கட்டை விரல் தடிமனில் ஒரு இரும்பு நாக்கு. இதற்குப் பெயர் பார்க்கிங் பால். (குடிக்கிற பால் இல்லை! எங்கள் வகுப்பில் இதைச் சொல்லிச் சொல்லியே ஒரு பீரியட் போனது.) லீவரை பி-க்குத் தள்ளினால் ஒரு கம்பி நகர்ந்து, அதன் நுனியில் உள்ள கூம்பு இந்த நாக்கை மேலே தள்ளுகிறது. நாக்கு இரண்டு பல்லுக்கு நடுவே போய் விழுகிறது. அவ்வளவுதான், ஷாஃப்ட் நின்றுவிட்டது. நகரக் கூடாத வண்டிக்கு அப்பா கிளீனராக இருந்தபோது போட்ட கட்டையும் இதுவும் ஒன்றேதான். அது சக்கரத்துக்கு வெளியே, இது பெட்டிக்கு உள்ளே.

நாக்கு நேராகப் பல்லின் தலை மேல் போய் முட்டினால்? அதற்குத்தான் கம்பியில் ஒரு ஸ்பிரிங். அழுத்திக்கொண்டே காத்திருக்கும். வண்டி இரண்டு அங்குலம் உருண்டதும் அடுத்த பள்ளத்தில் டக்கென்று விழும். பி போட்ட பிறகு வண்டி லேசாக ஒரு அசைவு அசைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அது இதுதான். ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது பி-யில் தள்ளிவிட்டால்? பல்லும் நாக்கும் லேசான சாய்வோடு செய்யப்பட்டிருப்பதால், வேகத்தில் நாக்கு உள்ளே இறங்காது. கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு தாவித் தாவிப் போகும். வேகம் நடக்கிற வேகத்துக்கு வந்த பிறகுதான் விழும். அதற்காக யாரும் முயற்சி செய்து பார்க்க வேண்டாம்.

ஒன்றரை டன் வண்டியின் மொத்த பாரமும் மேட்டில் நிற்கும்போது அந்த ஒரே நாக்கின் மேல்தான் தொங்குகிறது. மறுபடி எடுக்கும்போது 'டங்' என்று கேட்கிற சத்தம் அந்த நாக்கு பாரத்திலிருந்து விடுபடுகிற சத்தம். ஆகவே மேட்டில் முறை இதுதான்: காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டே என்-னுக்கு வந்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மிதித்த காலை எடுத்து வண்டி ஹேண்ட் பிரேக்கில் உட்கார்ந்ததும், திரும்ப மிதித்து பி போட வேண்டும். நாக்கின் மேல் பாரமே வராது.

இன்னொன்று, இது நம் மாதிரி ஜாக்கி போடுகிறவர்களுக்கு. முன்சக்கர இழுவை உள்ள காரை பி-யில் விட்டு, ஒரு முன்சக்கரத்தைத் தூக்கினால் பூட்டு போன மாதிரிதான். நடுவில் டிஃபரென்ஷியல் இருக்கிறதே! தரையில் இருக்கும் சக்கரம் முன்னால் உருண்டால், தூக்கிய சக்கரம் காற்றில் பின்னால் சுற்றும். ஷாஃப்ட் பாட்டுக்கு நின்றுகொண்டிருக்கும், வண்டி ஜாக்கியை விட்டு இறங்கிவிடும். கல் வைக்காமல் வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

சாவிக்கும் லீவருக்கும் நடுவே ஒரு கேபிள்

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருவோம்.

இக்னிஷன் சாவிக்கு நாலு கட்டம்: லாக், ஏசிசி, ஆன், ஸ்டார்ட். லாக் கட்டத்துக்கு வந்தால்தான் சாவியை உருவ முடியும். உருவியதும் ஒரு தாழ்ப்பாள் ஸ்டியரிங் தண்டில் உள்ள பள்ளத்துக்குள் பாய்ந்து ஸ்டியரிங்கைப் பூட்டும். இது திருடனுக்காக.

ஆட்டோமேட்டிக் காரில் இதோடு இன்னொரு பூட்டு சேர்கிறது. சைக்கிள் பிரேக் கேபிள் மாதிரி ஒரு கேபிள், கியர் லீவரின் அடியிலிருந்து சாவித் துவாரத்தின் பின்பக்கம் வரை போகிறது. லீவர் பி-யில் இருந்தால் அந்தக் கேபிள் ஒரு சின்ன முளையை விலக்கிக்கொள்ளும். பி-யில் இல்லாவிட்டால் முளை குறுக்கே நிற்கும். சாவி ஏசிசி வரை வரும், லாக்குக்குப் போகாது. சில கார்களில் கேபிளுக்குப் பதில் ஒரு மைக்ரோ ஸ்விட்ச்சும் சோலனாய்டும் இந்த வேலையைச் செய்கின்றன. அப்படிப்பட்ட வண்டியில் லீவருக்கு அடியில் உள்ள அந்த ஸ்விட்ச் தேய்ந்து போனால், பி-யில் இருந்தாலும் சாவி வராமல் படுத்தும்.

ஆக, சாவி உடையவும் இல்லை, வண்டி கெடவும் இல்லை. பூட்டு தன் வேலையைச் சரியாகச் செய்தது. "வண்டி உருண்டு ஓடாத நிலையில் இருந்தால்தான் சாவியைத் தருவேன்" என்பது அதன் கணக்கு. "தள்ளுவதற்குத் தோதாக நியூட்ரலில் விடு" என்பது வாட்ச்மேன் கணக்கு. இரண்டுக்கும் நடுவே அப்பா மாட்டிக்கொண்டார். பி என்றால் பார்க்கிங் என்று அவருக்குத் தெரியாதா என்ன? ஊரெல்லாம் நோ பார்க்கிங் போர்டு பார்த்து ஓட்டியவர். "தள்ளணும்னா நியூட்ரல்ல தானேடா விடணும்?" என்று என்னிடம் கேட்டார். அதில் என்ன தப்பு?

இந்தப் பூட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. டீசலை மிச்சம் பிடிக்க மலை இறக்கத்தில் எஞ்சினை அணைத்து நியூட்ரலில் இறக்கும் பழக்கத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்போது தவறிப்போய் சாவி கையோடு வந்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும், வளைவில் நேராகப் போக வேண்டியதுதான். ஆட்டோமேட்டிக்கில் லீவர் பி-யில் இல்லாதவரை சாவி லாக்குக்கு வராது என்பதால், ஓட்டத்தில் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் ஆபத்தும் இல்லை.

இதைச் சட்டமாக்கியது அமெரிக்கா. பெரியவர்கள் சாவியை எடுத்துக்கொண்டு போன பிறகு, வண்டிக்குள் இருக்கும் குழந்தைகள் லீவரை இழுத்துவிட்டு வண்டி உருண்ட விபத்துகள்தான் காரணம். 1990ல் விதி கொண்டுவந்தார்கள். 1992 செப்டம்பர் முதல் அங்கே செய்யும் கார்களில், பி போடாமல் சாவி வரக் கூடாது, சாவி இல்லாமல் லீவர் பி-யை விட்டு நகரக் கூடாது என்றானது.

பிரேக்கை மிதித்தால்தான் லீவர் நகரும்

அடுத்த பூட்டு லீவரிலேயே இருக்கிறது. வண்டியை ஆன் செய்து, பிரேக்கை மிதிக்காமல் லீவரை பி-யிலிருந்து இழுத்துப் பாருங்கள். வராது. லீவருக்கு அடியில் ஒரு சோலனாய்டு, அதாவது மின்காந்தச் சுருள், அதன் முளை லீவரைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் ஸ்டாப் லைட் ஸ்விட்ச் ஆன் ஆனதும் சுருளுக்குக் கரண்ட் போகும், முளை விலகும், 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

இந்த டிக் சத்தத்துக்குப் பின்னால் ஒரு பெரிய வழக்கே இருக்கிறது. 1986 நவம்பரில் அமெரிக்க டி.வி.யில் '60 மினிட்ஸ்' என்ற நிகழ்ச்சி ஆடி 5000 என்ற காரைப் பற்றி ஒளிபரப்பானது. பார்க்கிங்கிலிருந்து எடுக்கும்போது வண்டி தானாகவே பாய்கிறது, பிரேக்கை மிதித்தும் நிற்கவில்லை என்று ஓட்டியவர்கள் சொன்னார்கள். காரில் கோளாறு இல்லை, பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்திருக்கிறார்கள் என்றது கம்பெனி. 1987 ஜனவரியில் சுமார் 2.5 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து, பிரேக்கை மிதித்தால்தான் லீவர் நகரும்படி பூட்டு போட்டுக் கொடுத்தார்கள். 1989ல் வந்த அமெரிக்க அரசின் ஆய்வறிக்கையும் பெரும்பாலான சம்பவங்களுக்குப் பெடல் மாறி மிதித்ததுதான் காரணம் என்றது.

சரி, தப்பு டிரைவர் மேல் என்றே வைத்துக்கொள்வோம். கால் மாறுவது மனிதனுக்கு நடக்கிற காரியம். அதைத் திட்டித் திருத்த முடியாது என்று தெரிந்துகொண்டு, கால் சரியான இடத்தில் இருந்தால்தான் லீவர் அசையும் என்று செய்துவிட்டார்கள் பாருங்கள், அந்த புத்தி எனக்குப் பிடித்திருக்கிறது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. கியர்பாக்ஸுக்குள் லீவரோடு சேர்ந்து திரும்பும் ஒரு தகடு இருக்கிறது. அதன் விளிம்பில் மேடும் பள்ளமுமாக வெட்டியிருக்கும். ஒவ்வொரு பள்ளமும் ஒரு கியர் நிலை. ஸ்பிரிங் வைத்த ஒரு உருளை அந்தப் பள்ளத்தில் விழுந்து நிற்கும். நம் கைக்கு 'டொக்' என்று தெரிவது அதுதான். அமெரிக்க மெக்கானிக்குகள் இந்தத் தகட்டைச் சேவல் கொண்டை என்கிறார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் அப்படியேதான் இருக்கிறது. உருளை பி-க்கும் ஆர்-க்கும் நடுவே மேட்டின் உச்சியில் நின்றுவிட்டால்? ஓட்டுகிறவர் பி போட்டதாக நினைத்து எஞ்சினை ஓடவிட்டபடியே இறங்குவார். எஞ்சின் அதிர்விலோ, கதவைச் சாத்துகிற அதிர்விலோ உருளை ஆர் பக்கம் சரியும். வண்டி ஆளே இல்லாமல் பின்னால் வரும்.

ஃபோர்டு கம்பெனியின் 1966 முதல் 1980 வரையான கார்கள் மேல் இந்தப் புகார்தான் வந்தது. சம்பந்தப்பட்ட வண்டிகள் சுமார் 2 கோடியே 30 லட்சம். 1980 டிசம்பரில் அரசுக்கும் கம்பெனிக்கும் ஒரு உடன்பாடு ஆனது. என்ன தெரியுமா? வண்டிகளைத் திரும்ப அழைக்கவில்லை. ஓனர்களுக்குத் தபாலில் ஒரு எச்சரிக்கை ஸ்டிக்கர் அனுப்பினார்கள். டேஷ்போர்டில் ஒட்டிக்கொள்ள வேண்டும். படிக்கத் தெரிந்தவன், ஸ்டிக்கர் உரியாத வரை, ஞாபகம் இருக்கும்வரை தப்பிப்பான். நான் பரிட்சையில் யாராவது 'தீர்வு' என்று ஸ்டிக்கரை எழுதினால் மார்க் போட மாட்டேன்.

பிரேக் பூட்டு அமெரிக்காவில் எல்லா இலகு ரக வண்டிக்கும் கட்டாயமாக ரொம்ப நாள் ஆனது. 2002ல் கேமரூன் கல்பிரான்சன் என்ற இரண்டு வயதுக் குழந்தை, பின்னால் வந்த வண்டியில் அடிபட்டு இறந்தது. அந்தக் குழந்தையின் பெயரிலேயே, 2008 பிப்ரவரியில் கையெழுத்தான ஒரு சட்டம் வந்தது. அதில் ஒரு பகுதி இந்தப் பூட்டைப் பற்றியது. 2010 செப்டம்பர் முதல் கட்டாயம். அதிலும் ஒரு நுணுக்கம்: பழைய பூட்டுகளில் பல, சாவி ஆன் கட்டத்தில் இருந்தால்தான் வேலை செய்யும். ஏசிசி-யில் பாட்டு கேட்கும்போது குழந்தை லீவரை இழுத்தால் வந்துவிடும். சாவி எந்தக் கட்டத்தில் இருந்தால் லீவர் நகருமோ, அந்த எல்லாக் கட்டத்திலும் பிரேக்கை மிதித்தே ஆக வேண்டும் என்று சட்டம் அடைத்துவிட்டது.

ஸ்டார்ட்டர் பூட்டு எல்லோருக்கும் தெரிந்ததால் சுருக்கமாகச் சொல்கிறேன். பி அல்லது என்-னில் இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் ரிலேவுக்குக் கரண்ட் போகாது. லீவரோடு இணைந்த ஒரு ஸ்விட்ச், அவ்வளவே. அமெரிக்காவில் 1968 ஜனவரி முதல் கட்டாயம். முன்னால் போகும் கியருக்கும் பின்னால் போகும் கியருக்கும் நடுவே நியூட்ரல் இருக்க வேண்டும் என்பதும் அதே விதியில்தான் வந்தது. அதற்கு முன் சில கார்களில் பி, என், டி, எல், ஆர் என்று வரிசை. எல்-லுக்குப் பக்கத்திலேயே ஆர்! ரால்ப் நேடர் 1965ல் கார் கம்பெனிகளைக் கிழித்து எழுதிய புத்தகத்தில் இதையும் சேர்த்துக் கிழித்திருக்கிறார். இன்னும் பின்னால் போனால், 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் வந்த ஹைட்ராமேட்டிக் பெட்டியில் பி என்ற எழுத்தே கிடையாது. எஞ்சினை அணைத்துவிட்டு ஆர் போட்டால் உள்ளே பூட்டு விழும். ஓனருக்குச் சொல்லிக் கொடுத்தால்தான் உண்டு.

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது

இந்தப் பகுதியைக் கிழித்து வண்டியில் வைத்துக்கொண்டாலும் எனக்குச் சந்தோஷமே.

சாவி வரவில்லையா, முதலில் லீவரைப் பாருங்கள். பி-யில் இருப்பது மாதிரி இருந்தாலும் பிரேக்கை மிதித்து ஒரு தடவை வெளியே எடுத்து, அழுத்தமாக மறுபடி பி போடுங்கள். அதன் பிறகும் சாவி திரும்பவில்லை என்றால் ஸ்டியரிங்கை லேசாக ஆட்டிக்கொண்டே திருப்புங்கள். எந்தக் கட்டத்திலும் பலத்தைக் காட்டாதீர்கள். உள்ளே இருப்பது சுண்டுவிரல் நகம் அளவு முளைதான்.

லீவர் பி-யை விட்டு வரவில்லையா? பிரேக்கை மிதித்துக்கொண்டு, பின்னால் ஸ்டாப் லைட் எரிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எரியாவிட்டால் பெடல் மேல் உள்ள ஸ்விட்ச்சோ, அதன் ஃப்யூஸோ போயிருக்கும். கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முப்பது ரூபாய் ஃப்யூஸுக்காக ஆயிரக்கணக்கில் பில் போட்ட கதையை நானே ஒரு இடத்தில் பார்த்தேன். ஆனால் ஸ்டாப் லைட் எரியாத வண்டியை அப்படியே ரோட்டில் ஓட்டாதீர்கள், பின்னால் வருகிறவன் பாவம்.

பேட்டரி செத்துவிட்டால் சோலனாய்டும் செத்துவிடும், லீவர் பி-யில் சிக்கிக்கொள்ளும். அதற்காகப் பெரும்பாலான கார்களில் லீவருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மூடி அல்லது பட்டன் வைத்திருப்பார்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூடியைக் கழற்றி, சாவி நுனியையோ ஸ்க்ரூ டிரைவரையோ விட்டு அமுக்கிக்கொண்டே லீவரை இழுத்தால் என்-னுக்கு வந்துவிடும்.

கல்யாண மண்டபத்துக்கும் மருந்து இதுதான் நண்பர்களே! முதலில் பி போட்டு, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்த மூடிக்குள் அமுக்கி லீவரை என்-னில் வைக்க வேண்டும். சாவி பையில், வண்டி நியூட்ரலில், தள்ளுகிறவர்கள் தள்ளிக்கொள்ளலாம். தரை சமமாக இருந்தால் மட்டும். இதை நான் கண்டுபிடித்து அப்பாவிடம் செய்து காட்டுவதற்கு, அதே மாதிரி வண்டி வைத்திருந்த தெரிந்தவர் ஒருவரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கினேன். அப்பா மூன்று தடவை தானே செய்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. நாலாவது தடவை மூடியைக் கழற்றாமலேயே விரலால் தடவி, "இங்கதான் இருந்திருக்கு" என்றார்.

இப்போதைய வண்டிகள்

பட்டன் ஸ்டார்ட் வந்த பிறகு, உருவுவதற்குச் சாவியே இல்லை. பூட்டு மட்டும் வேறு உருவத்தில் இருக்கிறது: பிரேக்கை மிதித்தால்தான் எஞ்சின் எடுக்கும், பி-யில் இல்லாமல் பட்டனை அமுக்கினால் பல வண்டிகளில் முழுதாக அணையாமல் ஏசிசி-யிலேயே நின்று கத்தும். கத்துகிறதே தவிர, கையைப் பிடித்து நிறுத்துவதில்லை. பழைய கேபிள் கையைப் பிடித்து நிறுத்தியது.

லீவரும் மாறிவிட்டது. சில கார்களில் அது வெறும் ஸ்விட்ச். எந்தப் பக்கம் தள்ளினாலும் விட்டவுடன் நடுவுக்கே வந்துவிடும். பி-யில் இருக்கிறதா, என்-னில் இருக்கிறதா என்று கைக்குத் தெரியாது, விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபியட் கிரைஸ்லர் கம்பெனி இப்படிப்பட்ட லீவர் வைத்த சுமார் 11 லட்சம் வண்டிகளை 2016 ஏப்ரலில் திரும்ப அழைத்தது. அந்த ஜூன் மாதமே ஹாலிவுட் நடிகர் ஆன்டன் யெல்ச்சின், 27 வயது, தன் வீட்டுச் சரிவான வாசலில் உருண்டு வந்த தன்னுடைய ஜீப் கிராண்ட் செரோக்கியில் நசுங்கி இறந்தார். அழைக்கப்பட்ட மாடல்தான் அது. அதன் பிறகு, ஓட்டுகிறவர் கதவைத் திறந்தால் வண்டியே பி-க்குப் போய்க்கொள்ளும்படி சாஃப்ட்வேர் மாற்றிக் கொடுத்தார்கள்.

சாவி இருக்கும் வண்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜெனரல் மோட்டார்ஸ் 2014ல் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது, சாவி ஸ்விட்ச்சுக்குள் இருந்த ஒரு முளையும் ஸ்பிரிங்கும் பலம் போதாமல் இருந்ததால். குலுக்கலிலோ, கனமான சாவிக்கொத்து இழுப்பதாலோ ஓட்டத்திலேயே சாவி ஆன்-னிலிருந்து ஏசிசி-க்கு நழுவிவிடும். எஞ்சின் அணையும், ஏர்பேக்கும் வேலை செய்யாது. 124 மரணங்களுக்கு நஷ்ட ஈடு கொடுத்தார்கள். பீரோ சாவி, பூட்டுச் சாவி, சாமி டாலர் எல்லாவற்றையும் வண்டிச் சாவியில் கோர்த்து வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கழற்றி வைக்கலாம்.

போன மாதம் வகுப்பில் இருக்கும்போது அப்பா போன் செய்தார். வழக்கமாக அந்த நேரத்தில் கூப்பிட மாட்டார், பயந்துபோய் வெளியே வந்து எடுத்தேன். புதிதாக ஒரு வீட்டில் வண்டி எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். "கண்ணு, கிளட்ச் இல்லாத வண்டிதான். ஆனா இதுல பி-யே இல்லடா. ஆர், என், டி, அவ்வளவுதான். எங்க விடறது?"

எனக்கு அது எந்த மாதிரி வண்டி என்று உடனே புரிந்தது. 2014ல் மாருதி செலேரியோவில் வந்து, பிறகு நம் ஊரில் நிறையப் பரவிய ஏஎம்டி. அது நிஜமான ஆட்டோமேட்டிக் பெட்டி இல்லை. சாதாரண கியர்பாக்ஸும் சாதாரண கிளட்ச் தட்டும்தான், காலும் கையும் செய்கிற வேலையை ஒரு கருவி செய்கிறது. டார்க் கன்வெர்ட்டர் இல்லை, பார்க்கிங் நாக்கும் இல்லை. எஞ்சின் நின்றதும் கிளட்ச் பிடித்துக்கொள்ளும். ஆகவே பழைய முறையே போதும்.

"பிரேக்கை மிதிச்சுக்கிட்டே ஹேண்ட் பிரேக்கை இழுங்கப்பா. லீவரை டி-யிலயோ ஆர்-லயோ வெச்சு, டயல்ல கியர் விழுந்திருக்கான்னு பாத்துட்டு எஞ்சினை அணைங்க. நம்ம லாரியை ஃபர்ஸ்ட்ல விடற மாதிரிதான்."

"என்-ல விட்டா?"

"சாவி வரும். ஆனா வண்டியைப் பிடிக்க ஹேண்ட் பிரேக் தவிர ஒண்ணும் இருக்காது."

"அப்ப கட்டை போட்டுக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.